ஆலய மணியும் ஆலைச் சங்கும்

புதுச்சேரியின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் நன்றி சொல்வது மனம் நிறைந்திருக்கும் வேளைக்கென்று ஒதுக்கப்பட்ட செயல் அல்ல. அதற்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு ஆகிய மூன்று வேளையும் கோயில் மணி அடிக்கும். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, நின்ற இடத்திலேயே திரிகால செபம் சொல்ல வேண்டும். இரவு உணவுக்கு முன் வீட்டார் அனைவரும் ஒரு விளக்கின் முன் கூடிச் செபமாலை சொல்ல வேண்டும். செவ்வாய் அந்தோனியாருக்கு, மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு, ஆண்டின் கடைசி இரவு அந்த ஆண்டு முழுமைக்குமான நன்றிக்கு என்று நாள்காட்டியே பிரிக்கப்பட்டிருந்தது. உலையில் அரிசி கொதிக்கும் நேரத்திலும், தறியில் நூல் அறுந்து நிற்கும் நேரத்திலும், கடன்காரர் வாசலில் காத்திருக்கும் நேரத்திலும் அந்த மணி அடித்தது.

இந்த வழக்கங்களுக்கு மறைநூல் அடிப்படை உண்டு. பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய திருமடலின் நான்காம் அதிகாரம் கவலை, மன்றாட்டு, நன்றி, அமைதி என்ற நான்கையும் ஒரே தொடரில் வைக்கிறது. கவலை தீர்ந்தபின் நன்றி கூறும்படி அது சொல்லவில்லை. மன்றாட்டோடு நன்றியும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்கிறது. பவுல் அம்மடலைச் சிறையில் இருந்து எழுதினார் என்பது அதன் பொருளைக் கூர்மையாக்குகிறது. திரிகால செபத்தின் வரலாறும் இப்படிப்பட்டதுதான். ஐரோப்பாவில் மாலையிலும் காலையிலும் மணியடித்துச் செபிக்கும் பழக்கம் முன்பே இருந்தது. 1456-ல் துருக்கியப் படை பெல்கிரேடு நகரை முற்றுகையிட்டபோது, திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் நண்பகலிலும் மணியடிக்கச் சொன்னார். முற்றுகைக் காலத்தில் பிறந்த நண்பகல் மணி, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், முற்றுகைகளையே தன் வரலாறாகக் கொள்ளப்போகும் ஒரு சோழமண்டலக் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது.

பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். கப்புச்சின் துறவியர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியர்களைக் கவனித்துக்கொண்டனர். சயாமிலிருந்து வெளியேற நேர்ந்த பிரெஞ்சு இயேசு சபையார் 1689-ல் இங்கு வந்து தமிழ் மக்களிடையே பணி தொடங்கினர். பூந்தமல்லியிலிருந்து மர்த்தேனின் அழைப்பில் வந்து குடியேறியிருந்த தானப்ப முதலியார் என்ற கிறிஸ்தவர் அவர்களுக்கு நிலம் வாங்க உதவினார். பதினான்காம் லூயி மன்னரின் பொருளுதவியோடு 1692-ல் எழுந்த கோயில் நெடுநாள் நிற்கவில்லை. 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினர், கோயில் அழிந்தது. அவசரமாகக் கட்டிய இரண்டாவதும் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை எட்டு ஆண்டுகள் உழைத்து எழுப்பிய மூன்றாவது கோயிலை ஊரார் சம்பா கோயில் என்றனர். தூய பவுலின் பெயரால் விளங்கியதால் வந்த அழைப்பு அது. இன்றைய பேராலயத்துக்கும் அதுவே மக்கள் வழக்கில் பெயர்.

தானப்ப முதலியாரின் மகன் பேதுரு கனகராய முதலியார் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தவர். ஊரிலேயே செல்வாக்கு மிக்க தமிழர் அவர்தான் எனலாம். அவருடைய ஒரே மகன் வேலவேந்திர முதலியார் 1739-ல் இளம் வயதில் இறந்துபோனார். பிள்ளை இல்லாமற்போன அந்த வீட்டின் துயரம், ஆறு ஆண்டுகள் கழித்து உழவர்கரையில் ஒரு கோயிலாக வடிவம் பெற்றது. புனித அந்திரேயாவின் பெயரால் 1745-ல் அது திறக்கப்பட்டது. அக்காலப் புதுச்சேரி வணிகரான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த விழாவை விரிவாக எழுதியுள்ளார். ஊரிலுள்ள எல்லாச் சாதியாருக்கும் அழைப்புப் போனது. இந்துக்களுக்கு அவரவர் ஆசாரப்படி பிராமணர்களைக் கொண்டு தனியே சமைக்கப்பட்டது. ஆளுநர் டூப்ளேயும் ஐரோப்பியப் பிரமுகர்களும் வந்து விருந்துண்டனர்.

ரங்கப் பிள்ளைக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவர் ஒருவர் தம் கோயில் விழாவை இந்து முறைமையில் நடத்தியதைக் குறையாகவே பதிவு செய்கிறார். இன்று படிப்பவருக்கு அதுவே இந்த நிகழ்ச்சியின் சிறப்பு. மகனை இழந்த ஒரு தந்தை, இழப்பின் நினைவை ஊர்ச் சாப்பாடாக மாற்றினார். தமிழ் வழக்கில் காரியம் முடிந்தபின் பந்தி போடுவது உண்டு. கனகராயர் அதைக் கோயில் திறப்போடு சேர்த்தார். பின்னர் இவ்வட்டாரத்துக் கோயில் திருநாள்களில் நிலைபெற்ற அன்னதானத்தின் பழைய முன்மாதிரியாக இந்த விருந்தைக் கொள்ளத் தோன்றுகிறது. விழா முடிந்த சில மாதங்களில், 1746 பிப்ரவரியில், அவரும் காலமானார்.

அதே 1745-ல் அதே நாட்குறிப்பில் இன்னொரு பதிவும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு புறம் உயர்சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும் கலப்பினத்தவரும், மறு புறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இது தவறு என்றார். தாழ்த்தப்பட்ட மக்கள் ஒன்றுகூடி, தாங்களும் ஒரே ஆண்டவரின் பிள்ளைகள்தாம் என்று மூத்த குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உடனே உயர்சாதியார் எதிர்ப்புக் கிளம்பியது. பிரிவினை வேறு வேறு உருவங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் சமயத்தின் கோயிலில் சமாதானம் சரிசமமாகப் பங்கிடப்படவில்லை. சுவரை எதிர்த்து நின்றவர்களின் பெயர்கள் நாட்குறிப்பில் இல்லை. என்றாலும் இந்த ஊரின் கிறிஸ்தவ அமைதிக்கு முதன்முதலில் உண்மையான பொருள் தேடியவர்கள் அவர்களே.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. இயேசு சபையார் அதை நெடுநாளாக வற்புறுத்தி வந்தனர். ஊரின் இந்துக்கள் பட்ட வேதனையை ரங்கப் பிள்ளை கலங்கி எழுதியிருக்கிறார். பின்னாளில் ஈசுவரன் கோயில் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது.

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டையை மட்டும் தகர்க்கவில்லை, ஊரையே தரைமட்டமாக்கினர். எட்டு ஆண்டு உழைப்பில் எழுந்த சம்பா கோயிலும் அதில் போயிற்று. 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது இருந்தது செங்கல் குவியல்தான். மக்கள் முதலில் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். 1770-ல் கோயில் வேலை தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். 1773-ல் திருத்தந்தை இயேசு சபையையே கலைத்தார். கட்டிக்கொண்டிருந்தவர்களின் சபை இல்லாமற்போனது. 1776-ல் பாரிஸ் வேதபோதகச் சபையார் பொறுப்பேற்றனர். 1778-ல் ஆங்கிலேயர் மீண்டும் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தனர். 1789-ல் பிரான்சில் புரட்சி வெடித்தது. இவ்வளவுக்கும் நடுவில் சுண்ணாம்பு அரைபட்டுக்கொண்டே இருந்தது. 1791 ஜூன் 20-ல் ஆயர் ஷாம்பெனுவா கோயிலை நேர்ந்தளித்தார். இரண்டே ஆண்டுகளில், 1793-ல், ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இம்முறை கோயில் தப்பியது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் சென்மராக்கினி மாதா பேராலயம் அதுவே.

நூறு ஆண்டுகளில் நான்கு முறை கட்டப்பட்ட கோயிலில் நன்றிப் பாடல் பாடுவது பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. தே தேயும் என்ற பழைய இலத்தீன் நன்றிப் பாடலை அரச வெற்றிகளுக்காக அதிகாரிகள் பாட வைத்தது உண்டு. ஆண்டின் கடைசி நாளில் ஏழைகளும் அதையே பாடினர். ஒருவருக்கு அது வெற்றி அறிவிப்பு; மற்றவருக்கு ஓராண்டைத் தாண்டி வந்துவிட்ட ஆறுதல்.

1816-17-ல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. இனி முற்றுகை இல்லை; வறுமை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் வேலையையும் செபத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்த நிறுவனங்கள் தோன்றின. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-ல் வந்தனர். ஆதரவற்ற பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அவர்கள் பூத்தையல் கற்றுக்கொடுத்தனர். இன்று ரொமேன் ரொலான் வீதியில் உள்ள பழைய மாளிகையில் அந்தக் கைவேலை தொடர்கிறது. பெண்கள் நீள விசுப்பலகைகளில் அமர்ந்து, மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் பூவும் கொடியும் தைக்கிறார்கள். துணியில் பென்சிலால் கோடு, அதன்மேல் நூல், இறுதியில் சலவை. ஒரு விரிப்பு முடிய வாரக் கணக்கில் ஆகும். கூலி பெரிதில்லை, ஆனால் கைவிடப்பட்ட ஒரு பெண் தன் கையால் சம்பாதித்த காசு அது.

பாரிஸ் சபைக் குரு லூயி சவினியன் துப்புயி 1832-ல் புதுச்சேரி வந்தவர். 1840-ல் மிஷன் அச்சகத்தை நிறுவினார். அங்கிருந்து தமிழ்ச் செபப் புத்தகங்களும் ஞான நூல்களும் வெளிவந்து சிற்றூர்களுக்குச் சென்றன. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வந்துபோன கிராமங்களில், உபதேசியார் கையிலிருந்த அந்தப் புத்தகமே கோயிலாக இருந்தது. எழுத்தறியாத பெண்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தனர். பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் நாற்று நடும்போதும் மாவு இடிக்கும்போதும் வாயில் வந்தன. புதுச்சேரிக் கிறிஸ்தவத்தின் அன்றாட அமைதிக்கு மண்டபங்களைவிட இந்த அச்சகமும் உபதேசியார்களும் செய்தது அதிகம்.

1844-ல் ஆயர் போனான் தலைமையில் நடந்த புதுச்சேரி ஆயர் மன்றம் கல்வியை, குறிப்பாகப் பெண் கல்வியை, முன்னே வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் துப்புயி, மரியாவின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே தொடங்கினார். படிக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று ஊரே நினைத்த காலம் அது. தமிழ்ப் பெண் மணமாகாமல் துறவியாக வாழ்ந்து மற்றப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவது உறவினருக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஆனாலும் சபை வளர்ந்து புதுச்சேரிக்கு வெளியேயும் பள்ளிகளை நடத்தியது. துப்புயி 1874-ல் காலமானார். இரவில் வீட்டில் செபமாலையை முன்னின்று சொல்பவர் பெரும்பாலும் தாயோ பாட்டியோ; அவர்களுக்கு அச்சிட்ட செபப் புத்தகத்தை வாசிக்கும் திறன் வந்தபோது அந்த வழக்கம் இன்னும் ஊன்றியது.

வீட்டுச் செபத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சுவரில் திரு இருதயப் படம், அதற்குக் கீழே ஒரு பலகை, அதில் எண்ணெய் விளக்கு அல்லது மெழுகுத்திரி. சிறியவர்கள் முன்னால், பெரியவர்கள் சுவரோரம். ஐம்பத்து மூன்று மணி செபமாலை முடிந்ததும் மாதா மன்றாட்டு மாலை. பிறகு வரிசையாகக் கருத்துகள்: இறந்த தாத்தாவுக்கு, கப்பலேறிப் போன மாமனுக்கு, நோயில் கிடக்கும் பக்கத்து வீட்டாருக்கு. கடைசியில் பிள்ளைகள் பெரியவர்கள் முன் முழந்தாளிட, அவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் தருவார்கள். பகலில் ஏற்பட்ட சண்டையும் கோபமும் அந்த ஆசீரோடு முடிந்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி.

கப்பலேறிப் போனவர்கள் இந்த மன்றாட்டில் இடம்பெற்றது வெறும் வழக்கத்தால் அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய துறைமுகங்கள். 1853-ல் ஒரேலி என்ற கப்பல் மர்த்தினிக் தீவுக்கு முதல் தொகுதியைக் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் போனது. கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அவர்களின் பிள்ளைகள் அங்கே கத்தோலிக்கராகி, மாரியம்மனையும் மரியன்னையையும் சேர்த்தே கும்பிட்டனர்.

அடுத்த பெருந்துயரம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டனர். பசித்தவர்கள் பிரெஞ்சு எல்லைக்குள் கூட்டம் கூட்டமாக வந்தனர். ஆயர் லவுனானின் மறைமாநிலத்தில் குருக்களும் கன்னியரும் கஞ்சி ஊற்றினர். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். பஞ்ச காலத்தில் பெருந்திரளானோர் திருமுழுக்குப் பெற்றனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை அன்றும் இன்றும் ஏளனமாகச் சொல்வோர் உண்டு. பசித்த நேரத்தில் சோறு தந்தவரோடு நிற்பது இழிவல்ல. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கோயில்களில் இருப்பதே அந்த ஏளனத்துக்குப் போதுமான விடை.

அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான் வில்லியனூர் லூர்து மாதா கோயில் வந்தது. பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி மாதாவின் காட்சி கண்டது 1858-ல். இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1877-ல் அங்கிருந்து ஒரு மாதா சுரூபம் வில்லியனூருக்கு வந்து சேர்ந்தது. கோயிலின் முன்னே குளம் உண்டு. லூர்தில் ஊற்று, இங்கே தமிழ்க் கோயில்களுக்கு உரிய திருக்குளம். ஊர்மக்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. வில்லியனூர் ஏற்கெனவே திருக்காமீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அந்தக் கோயிலின் தேர் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநரே பிடித்து இழுத்துத் தொடங்கி வைக்கும் வழக்கம் இருந்தது. மாதா கோயிலுக்கும் தேர் வந்தது. உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், நிறைவில் தேர்பவனி.

வில்லியனூரில் நன்றி கண்ணால் காணக்கூடிய பொருளாக மாறுகிறது. மொட்டையடிப்பவர், மெழுகுத்திரி ஏற்றுபவர், பிள்ளை வரம் கிடைத்ததற்குத் தொட்டில் தருபவர், தேரின் மீது உப்பும் மிளகும் இறைப்பவர் என்று பலர் வருகிறார்கள். பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லர்; கோயில் எவரையும் கேட்பதில்லை. பொருத்தனை செய்த குடும்பம் கொடியேற்றத்திலிருந்து தேர் வரை விரதமிருந்து, தேர் முடிந்ததும் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்பும். சில பிரெஞ்சுக் குருக்கள் இதை வணிகப் பேரம் போலக் கருதி முகம் சுளித்தனர். அது முழு உண்மை அல்ல. வாங்கியதற்குக் கடன் தீர்ப்பது மட்டும் நோக்கமென்றால் ஒருமுறை வந்தால் போதும். வேண்டியது கிடைக்காதவர்களும் அடுத்த ஆண்டு வருகிறார்கள். அவர்களும் மெழுகுத்திரி வாங்குகிறார்கள்.

1886-ல் இந்தியத் திருச்சபையின் ஆட்சியமைப்பு நிறுவப்பட்டு, புதுச்சேரி உயர்மறைமாவட்டமாகி, லவுனான் முதல் பேராயரானார். அவருக்குப் பின்வந்த பேராயர் கான்டி 1895-ல் திரு இருதயத்துக்கு ஒரு கோயில் எழுப்பும் எண்ணத்தை வெளியிட்டார். திரு இருதய பக்தி பிரெஞ்சு மண்ணில் வேரூன்றியது. மார்கரீத் மரி அலக்கோக் என்ற கன்னி பரே-லெ-மோனியால் மடத்தில் காட்சிகள் கண்டதும், மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறியதும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில். 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், பரிகாரமாகப் பாரிஸின் மோன்மார்த்ரு குன்றில் திரு இருதயக் கோயிலைக் கட்டத் தொடங்கியது. புதுச்சேரிக் கோயிலில் அந்த அரசியல் வாடை இல்லை. குரு தெலஸ்போர் வெல்ட்டர் வரைந்த கோதிக் வடிவத் திட்டப்படி 1902-ல் வேலை தொடங்கி, 1907 டிசம்பரில் கோயில் திறக்கப்பட்டது. உள்ளே 24 தூண்கள். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் புனிதர்களின் உருவங்கள். கோயில் அமைந்த இடம் தென் புல்வாரில், ரயில் நிலையத்துக்கு அருகில். ஆலைத் தொழிலாளர் நடந்து போகும் வழி.

ஆலைகளைச் சொல்லாமல் இந்த ஊரின் அன்றாடச் சுமையைச் சொல்ல முடியாது. சவானா ஆலையின் தொடக்கம் 1829. ரோடியர் ஆலை 1898-ல் வந்தது. விடியுமுன் முதல் சங்கு. அது ஊதினால் முதலியார்பேட்டையும் உப்பளமும் நெல்லித்தோப்பும் எழுந்துவிடும். பஞ்சுத் தூசு, ஈர வெக்கை, பத்து மணி நேரத்துக்கும் மேலான நிற்றல். சங்குக்கும் மணிக்கும் இடையே ஒரு போட்டி இருந்தது என்றால் மிகையாகாது. சங்கு ஆளைக் கூப்பிட்டது கூலிக்கு. மணி அதே ஆளை, எந்திரத்தின் பகுதியாக அல்லாமல் ஒரு மனிதனாகக் கூப்பிட்டது. நண்பகல் உணவு இடைவேளையில் தூக்குச் சட்டியைத் திறக்குமுன் சிலுவை அடையாளம் போடுவது ஒரு கணமே எடுக்கும் செயல். அந்த ஒரு கணம் மேஸ்திரியின் கணக்கில் சேராதது.

முதல் வெள்ளி பக்தியில் தொழிலாளருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அது ஓய்வு நாள் அல்ல. வேலைக்குப் போகுமுன் நடக்கும் அதிகாலைப் பூசையே அவர்களுக்கான வழி. அன்றைய விதிப்படி நள்ளிரவு முதல் எதுவும் உண்ணாமல் நற்கருணை வாங்க வேண்டும். வெறும் வயிற்றோடு பூசை கண்டு, கோயில் வாசலில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு ஆலை வாசலுக்கு ஓடிய தலைமுறை ஒன்று இந்த ஊரில் இருந்தது. ஓய்ந்திருக்கும்போது கிடைக்கும் அமைதியை அவர்கள் அறியவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்பதை அவர்கள் தேர்ந்தார்கள்.

எனினும் அமைதி என்பதைப் பொறுத்துப்போவது என்று போதிக்கும் ஆபத்து எப்போதும் இருந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-லேயே தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் சுற்றுமடலில் அறிவித்திருந்தார். புதுச்சேரியில் அது நடைமுறைக்கு வர இரத்தம் சிந்த வேண்டியிருந்தது. 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவலர் சுட்டனர். பன்னிரண்டு பேர் இறந்தனர். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. நன்றி சொல்லும் மனம் அநீதியை ஏற்கும் மனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எட்டு மணி நேரம் கிடைத்த பிறகுதான் தகப்பன்மார் மாலைச் செபத்துக்கு வீட்டில் இருக்க முடிந்தது. அதைத் தந்தது கோயில் அல்ல, சங்கம்.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. அன்று கத்தோலிக்கருக்குப் புனிதர் அனைவரின் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். விடுதலைக் கொண்டாட்டத்தின் அடுத்த நாள் உப்பளம் கல்லறையில் குடும்பங்கள் கூடி, இறந்தவர்களின் கல்லறைகளைக் கழுவி, சாமந்தி தூவி, மெழுகுத்திரி ஏற்றும் நாள். இன்றுவரை புதுச்சேரியின் விடுதலை நாளும் கல்லறை நாளும் அடுத்தடுத்தே வருகின்றன. 1955-ல் அம்புரோஸ் ராயப்பன் பேராயரானார். அந்தப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960-களில் பூசை தமிழானது. இலத்தீனில் குருவுக்கும் பீடத்துக்கும் இடையே நடந்த நன்றிவழிபாடு, மக்கள் வாய்விட்டுப் பதில் சொல்லும் திருப்பலியாயிற்று. கோயில் வளாகங்களில் பொங்கலும் நன்றி விழாவாக இடம்பிடித்தது. டூமா வீதியிலுள்ள கப்ஸ் கோயிலில் பிரெஞ்சுத் திருப்பலியும் தொடர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த ஓய்வூதியக் குடும்பங்கள் அங்கே கூடின.

கடலும் காற்றும் புதிய சுமைகளைத் தந்தன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. கோயில்களில் திருக்குடும்பத் திருநாள். காலைத் திருப்பலி நேரத்தில் ஆழிப்பேரலை வந்தது. பாறைகள் அடுக்கிய கடற்கரை அரண் நகரைப் பெரிதும் காத்தது. மீனவக் குப்பங்களும், எல்லாவற்றையும்விடக் காரைக்காலும் பேரிழப்பைச் சந்தித்தன. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, ரோடியர் ஆலையின் வாரிசான ஏஎஃப்டி பஞ்சாலை பெருஞ்சேதம் அடைந்தது. அதற்கு மறுநாள்தான் ஆண்டின் கடைசி இரவு. நள்ளிரவுக்கு முன் கடந்த ஆண்டுக்கு நன்றி, நள்ளிரவுக்குப் பின் புத்தாண்டுத் திருப்பலி என்பதே அந்த இரவுக்கு மரபாக வந்த முறை. ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் திருநாள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 முதல் அதையே உலக அமைதி நாளாகவும் ஆக்கினார். நன்றியும் அமைதியும் ஒரே இரவின் இரு பாதிகளாக அமைந்திருப்பதன் கனம், கூரை போன வீடுகளிலிருந்து எழுந்து வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருந்திருக்காது.

அந்தப் புயலிலிருந்து ஆலை மீளவில்லை. 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளர் கடந்து போன திரு இருதய ஆண்டவர் கோயிலோ, புயல் வந்த அதே 2011-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. சங்கு நின்றபின் வேலையின் வடிவம் மாறியிருக்கிறது: கடைகள், விடுதிகள், மருத்துவமனைகள், கணினி நிறுவனங்களின் இரவு ஷிப்டு, பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள். எல்லோரும் ஒரே விளக்கின் முன் கூடும் இரவுகள் குறைந்துவிட்டன. அதற்கு ஈடாக வளர்ந்திருப்பது திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கும் வழக்கம். பங்கு அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கும். பெயர், தேதி, கருத்து, காணிக்கை என்று கட்டங்கள். அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்ததற்கு நன்றி, விசா கிடைத்ததற்கு நன்றி, தேர்வில் தேறியதற்கு நன்றி, வீட்டுக்கடன் தீர்ந்ததற்கு நன்றி, நாற்பது ஆண்டுத் திருமண வாழ்வுக்கு நன்றி. அவற்றின் நடுவே வேலை வேண்டி, குடிப்பழக்கம் விட வேண்டி, குடும்பச் சமாதானம் வேண்டி, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றி வேண்டி என்ற வரிகளும் வரும். திருப்பலி தொடங்குமுன் இவை எல்லாம் வந்த வரிசையிலேயே ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன.